இடக்கை முடிச்சு

மோட்டாரின் பின்மூடியை உருவியதுமே, உருவாமல் இருந்திருக்கலாம் என்று லெஃப்டுக்குத் தோன்றியது.

பேரிங் போயிருக்கும், மாற்றிப் போட்டுவிட்டு அரை மணியில் கிளம்பிவிடலாம் என்றுதான் வந்திருந்தான். பள்ளிவாசல் மோட்டார் ஒரு வாரமாக உறுமிக்கொண்டே இருந்ததே தவிர, தண்ணீரை ஏற்றவில்லை. நாளை வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்கு இருநூறு பேர் வருவார்கள், இருநூறு பேரும் தொழுமுன் முகம் கைகால் கழுவி ஒளு செய்ய வேண்டும். இன்றைக்குள் முடித்துவிடுங்கள் என்று பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத் சொல்லி அனுப்பியிருந்தார். கிணற்றடியில் சாக்கை விரித்து, மோட்டாரைப் படுக்க வைத்து, நாலு ஸ்க்ரூவையும் கழற்றினான். உள்ளே செம்புக் கம்பிச் சுருள்கள். சுருள்களைச் சேர்த்து இறுக்கிய வெள்ளை நூல். நூலில் வரிசையாக முடிச்சுகள். எல்லா முடிச்சும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

இந்த ஊரில் மோட்டாருக்குச் செம்புச் சுருள் சுற்றிக் காயில் கட்டுகிறவர்கள் ஐந்து பேர். நாலு பேர் நூலை வலப்பக்கம் இழுத்து முடிவார்கள். இடக்கையால் வேலை பார்க்கிறவன் இவன் ஒருத்தன்தான். அதனால்தான் லெஃப்டு என்ற பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை இப்போது அவன் மனைவியே சொல்வதில்லை.

தான் கட்டிய காயில், சரி. ஊரில் அவன் கட்டியது நூறு மோட்டார் இருக்கும். ஆனால் கடைசி நாலு முடிச்சு மட்டும் சிவப்பு நூலில் இருந்தது.

அந்தச் சிவப்பு நூல் சலவைக்கடை அக்காவுடையது. எந்தத் துணி யாருடையது என்று தெரிய, துணி ஓரத்தில் சிவப்பு நூலால் குறி போட்டு வைக்கிறவள் அவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் தன் மோட்டாரைக் கொண்டுவந்து, இப்போதே வேண்டும் என்று அவன் தலைமேலேயே நின்றாள். வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்க என்றான். "நூல்தானே, இந்தா" என்று இடுப்புப் பையிலிருந்து எடுத்து வீசினாள். அதில்தான் அவன் முடித்தான். அந்த மோட்டாரை மூன்று மாதத்துக்கு முன்னால் எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவள் பட்டறைக்கு வந்து அழவில்லை. எடுத்தவன் கை அழுகிப் போகவேண்டும் என்று தெருவே கேட்கச் சபித்தாள்.

"என் கண்ணுல பட்டா விடமாட்டேன்க்கா. உள்ளே உங்க நூல் இருக்கு" என்று அன்று வாய் விட்டிருந்தான்.

இப்போது கண்ணில் பட்டுவிட்டது. பட்ட இடம்தான் சரியில்லை. இந்த மோட்டாரைப் பள்ளிவாசலுக்கு அறக்கொடையாக, வக்ஃபாகக் கொடுத்தது அவனுடைய மச்சான், மனைவியின் அண்ணன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஜும்ஆ முடிந்ததும் மைக்கில் பெயரைச் சொல்லி அவருக்காக துஆ கேட்டார்கள். மச்சான் முதல் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவு அடக்கமாக அவர் உட்கார்ந்து அதற்கு முன்பும் யாரும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

லெஃப்டு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். மாட்டிவிடலாம். நாலு ஸ்க்ரூ. இவனைத் தவிர இந்த முடிச்சைப் படிக்கத் தெரிந்தவன் உலகத்தில் கிடையாது. மாட்டிவிட்டால் பட்டறை இருக்கும், வேலை இருக்கும், வீட்டில் சண்டை இருக்காது. மூடியைச் சாக்கின் மேல் வைத்துவிட்டு எழுந்தான்.

மச்சானின் பழைய மோட்டார் கடை பள்ளிவாசல் தெருவின் கோடியில். முன்பக்கம் லெஃப்டின் பட்டறை, பின்பக்கம் கடை. கட்டடம் மச்சானுடையது. வருகிற மோட்டாரைத் துடைத்து, பச்சை பெயின்ட் அடித்து, அலமாரியில் அடுக்கி வைப்பார். எரிந்துபோனது என்றால் முன்பக்கம் தள்ளுவார்.

"என்ன மாப்ளே, பேரிங்கா?"

"பேரிங்தான்."

"அப்ப மாத்திட்டு வரவேண்டியதுதானே. இங்கே என்ன?"

"அது சலவைக்கடை அக்கா மோட்டார், மச்சான்."

மச்சான் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. "மோட்டார்ல பேரு எழுதியிருக்கா?"

"உள்ளே எழுதியிருக்கு. என் கட்டு. அவங்க நூல்."

"உள்ளே பாக்கச் சொன்னது யாரு உன்னை?"

"மூடியைத் திறக்காம பேரிங் மாத்த நான் என்ன மந்திரவாதியா?"

"நக்கல் பண்ணாதே." மச்சான் இப்போதுதான் திரும்பினார். "நான் மார்க்கம் தெரியாதவன் இல்லை. வியாபாரத்தை ஆரம்பிக்கும்போதே ஹஜ்ரத்துகிட்டே கேட்டுட்டேன். ஒருத்தன் கையில ஒரு பொருள் இருந்தா, அது அவனுதுன்னுதான் எடுத்துக்கணும். துருவித் துருவி விசாரிக்கிறது நம்ம கடமை இல்லை. வாங்கலாம், விக்கலாம். ஒரு எழுத்து நான் கூட்டலை, குறைக்கலை."

"பைப்பை அறுத்துக் கொண்டுவர்றானுங்கன்னு அவர்கிட்டே சொன்னீங்களா?"

மச்சான் பிரஷ்ஷைப் பெயின்ட் டப்பாவில் போட்டார். "அதை ஏன் சொல்லணும்? மார்க்கத் தீர்ப்பு கேக்கப் போன இடத்துல பைப்பு எதுக்கு? அது பிளம்பர் விஷயம்."

தொழிலில் இருக்கிற எவனுக்கும் தெரிந்த விஷயம் இது. வீட்டுக்காரன் தன் மோட்டாரை விற்க நினைத்தால் ஸ்பேனரைப் போட்டு பைப்பை இணைக்கிற யூனியனைக் கழற்றி எடுத்து வருவான். மரை அப்படியே முழுசாக இருக்கும். திருடனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஹேக்ஸா பிளேடால் பைப்பை அறுத்துவிட்டுத் தூக்குவான். மோட்டாரின் வாயில் ஒரு சாண் பிளாஸ்டிக் துண்டு ஒட்டிக்கொண்டே வரும். மச்சான் கடைக்கு வருகிற மோட்டாரில் பாதிக்கு அந்தத் துண்டு இருக்கும். அதைக் கழற்றி எறிந்தால்தான் பெயின்ட் அடிக்க முடியும்.

மச்சான் அந்தத் துண்டை வைத்தே இவனை மடக்கினார். "சரி, இவ்வளவு பேசறியே. அந்தத் துண்டையெல்லாம் இத்தனை வருஷமா கழட்டினது யாரு? நானா? எனக்கு ஸ்பேனர் புடிக்கவே தெரியாது. உன் பீச்சாங்கைதானே கழட்டுச்சு? அப்ப எங்கே போச்சு இந்த ரோஷம்?"

லெஃப்டின் கண் முன்பக்கம் போனது. பட்டறை மூலையில் ஒரு தகர டிரம் இருந்தது. கழற்றிய துண்டுகளை அதில்தான் போடுவான். ஏன் குப்பையில் போடவில்லை என்று யாராவது கேட்டால் அவனுக்கே தெரியாது. தான் வாங்குகிறவனும் இல்லை, விற்கிறவனும் இல்லை, வெறும் கூலிக்காரன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தான். அதைச் சொல்லிச் சொல்லி டிரம் முக்கால்வாசி நிறைந்துவிட்டது.

"அந்தப் பொம்பளை நம்ம ஜமாஅத்தே இல்லை" என்றார் மச்சான், குரலை இறக்கி. "அவளுக்காகப் பள்ளிவாசல் மானத்தை வாங்கப் போறியா? மூடியை மாட்டு. பேரிங்கை மாத்து. வாயை மூடு. இல்லைன்னா பட்டறைச் சாவியை இங்கே வச்சிட்டு வேற இடம் பாரு. தங்கச்சிகிட்டே நான் பேசிக்கிறேன்."

பேசவும் செய்தார். லெஃப்டு டிரம்மில் இருந்ததைச் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது.

"அண்ணன் சொல்றதைக் கேட்டுட்டுச் சத்தம் போடாம வாங்க" என்றாள் மனைவி. "ஊர்ல இருக்கிற மூடியெல்லாம் நீங்கதான் திறக்கணுமா?"

"இது ஒண்ணுதான் திறந்தேன்."

"அதையும் திறந்திருக்க வேண்டாம்" என்று வைத்துவிட்டாள்.

லெஃப்டு பெரிய பக்திமான் என்று சொன்னால் அவனே சிரிப்பான். வெள்ளிக்கு வெள்ளி பள்ளிவாசலுக்குப் போகிறவன், அவ்வளவுதான். அவனைத் தள்ளிக்கொண்டு போனது இறையச்சம் மட்டும் இல்லை. மச்சான் மேல் பன்னிரண்டு வருட ஆத்திரம் இருந்தது. பீச்சாங்கை என்ற சொல் இருந்தது. அதற்கு அடியில், தன் முடிச்சைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மூடி வைத்தால் இனி எந்த மோட்டாரையும் நிம்மதியாகத் திறக்க முடியாது என்ற பயமும் இருந்தது.

ஹஜ்ரத் இவனைவிடப் பத்து வயது சின்னவர். கோபக்காரர். அறையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியின் உடைந்த காலுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மோட்டார் ரெடியா?"

"ஒரு கேள்வி, ஹஜ்ரத். ஒரு கூலிக்காரன் இருக்கான். கொண்டுவந்து குடுக்கற பொருளை ரிப்பேர் பண்றான். பொருள் எங்கே இருந்து வருதுன்னு அவனுக்குத் தெரியாது. அவன் கூலி ஹலால்தானே?"

ஹஜ்ரத் கண்ணாடியைக் கீழே வைத்தார். "தெரியாதா, தெரிஞ்சுக்கலையா?"

"கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சுன்னு வச்சுக்கங்க."

"நான் ஏன் வச்சுக்கணும்? கேள்வியை முழுசா கொண்டாங்க. மீன் வாங்கற மாதிரி தலையையும் வாலையும் நறுக்கிட்டு நடுத்துண்டை மட்டும் நீட்டினா, நான் நடுத்துண்டுக்குத்தான் பதில் சொல்வேன். உங்க மச்சானும் இப்படித்தான் கேட்டுட்டுப் போனார்."

லெஃப்டு சாக்கைக் கவிழ்த்தான். வெள்ளையும் சாம்பலும் நீலமுமாகப் பைப் துண்டுகள் பாய் மேல் உருண்டன. ஒன்று ஹஜ்ரத்தின் முழங்காலில் முட்டி நின்றது.

"என்னங்க இது?"

லெஃப்டு சொன்னான். உடையவன் கழற்றுவான், திருடன் அறுப்பான் என்பதைச் சொன்னான். பச்சை பெயின்ட்டைச் சொன்னான். கிணற்றடியில் திறந்து கிடக்கிற மோட்டாரையும் சிவப்பு நூலையும் கடைசியாகச் சொன்னான். ஹஜ்ரத் ஒரு துண்டை எடுத்து அறுபட்ட ஓரத்தை விரலால் தடவினார். காது சிவந்துகொண்டே வந்தது.

"இதை அவர் என்கிட்டே சொல்லவே இல்லை. முன்பின் தெரியாத ஆள் பொருள் கொண்டுவந்தா விசாரிக்கணுமான்னு கேட்டார். தப்புன்னு காட்டற அடையாளம் எதுவும் இல்லைன்னா விசாரிக்க வேண்டியதில்லைன்னேன். அந்த 'இல்லைன்னா'வை வாசல்லயே கழட்டி வச்சிட்டுப் போயிட்டாரா?" துண்டை வீசினார். "நீங்க மட்டும் என்ன? இத்தனை துண்டைக் கழட்டிட்டு சந்தேகம்ங்கறீங்க. இது சந்தேகம் இல்லீங்க. வெளிச்சத்துல நின்னு கண்ணை மூடிக்கிட்டது. தெரியாம வாங்கினவனுக்கு மார்க்கத்துல இடம் இருக்கு. தெரிஞ்சவனுக்கு ஒரு அங்குலம் கூடக் கிடையாது. பொருள் உடையவங்ககிட்டே போகணும். அவங்க நம்ம ஜமாஅத்தா, வேற ஜமாஅத்தாங்கற கேள்வியே இல்லை."

"வக்ஃபு பண்ணிட்டாரே?"

"சொந்தமில்லாததை எப்படி வக்ஃபு பண்ண முடியும்? அந்த மோட்டாருக்காக மைக்கைப் புடிச்சு துஆ கேட்டவன் நான்." அவருக்கு அதுதான் அதிகமாகச் சுட்டது.

"அதுல தண்ணி எடுத்து ரெண்டு மாசம் தொழுதது?"

"தொழுகை கூடும், அதுக்குக் குறை இல்லை. பொருளை வச்சிருந்த பாவம் அது பாட்டுக்குத் தனியா நிக்கும், தெரிஞ்ச நிமிஷத்துல இருந்து. இப்ப எனக்கும் தெரியும். நல்லா மாட்டிவிட்டீங்க."

"என் கூலி?"

"இந்தத் துண்டுக்கெல்லாம் உடையவன் இருக்கான்ல? தேடுங்க. கண்டுபுடிச்சு மன்னிப்புக் கேளுங்க. எவ்வளவு தேடியும் ஆளே கிடைக்கலைன்னா, அவங்க பேர்ல தர்மம். தேடறதுக்கு முன்னாடியே கிடைக்கலைன்னு வந்து நிக்காதீங்க."

"நாளைக்கு ஜும்ஆவுக்குத் தண்ணி?"

"கிணறு இருக்கு, வாளி இருக்கு" என்று சொல்லிவிட்டு ஹஜ்ரத் மறுபடி நூலைச் சுற்ற ஆரம்பித்தார். வேகமாக இழுத்ததில் நூல் அறுந்துபோனது.

பிற்பகல் அஸர் தொழுகைக்கு ஆட்கள் வரத் தொடங்கிய நேரத்தில் லெஃப்டு மோட்டாரைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டிருந்தான். வாளியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த தையல்காரர் முதலில் கேட்டார்.

"எங்கேய்யா கொண்டுபோறே? கை வலிக்குதுய்யா எங்களுக்கு."

"உடையவங்ககிட்டே. இது திருட்டு மோட்டார்."

வாளி பாதியில் நின்றது. யாரும் திருடியது யார் என்று கேட்கவில்லை. விற்றது யார் என்றும் கேட்கவில்லை.

"உன்னை யாருய்யா திறக்கச் சொன்னது?" என்றார் தையல்காரர். "தெரியாம இருந்தோம், நிம்மதியா இருந்தோம்."

"காலையில வந்தான், பேரிங்கை மாத்தினான், போனான்னு இருக்கணும்" என்றான் இன்னொருத்தன். "பெரிய போலீசு."

அதற்குள் மச்சான் வந்து சேர்ந்துவிட்டார். சைக்கிளைப் பார்த்தார், கேரியரைப் பார்த்தார், கூடியிருந்த ஆட்களைப் பார்த்தார். "புடிங்க அவனை! பள்ளிவாசல் பொருளைத் திருடிட்டுப் போறான்! வக்ஃபுப் பொருள்!"

இரண்டு பேர் சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்தே விட்டார்கள்.

"விடுங்க" என்றார் ஹஜ்ரத் வாசலில் நின்றபடி. "அது வக்ஃபே ஆகலை. உள்ளே வாங்க, தொழுகை முடிஞ்சதும் பேசுவோம். நீங்களும் இருக்கணும்" என்று மச்சானைப் பார்த்தார்.

ஹேண்டிலை விட்டார்கள். மச்சான் லெஃப்டின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினார். "சாவி."

லெஃப்டு சாவியை இடக்கையால் நீட்டினான். வேறு யாராவது இடக்கையால் கொடுத்திருந்தால் அறை விழுந்திருக்கும். மச்சான் பிடுங்கிக்கொண்டார்.

சலவைக்கடையில் நீராவியும் சோப்பு நாற்றமும் முகத்தில் அடித்தன. அக்கா ஒரு சட்டைக் காலரைத் திருப்பிக் குறியைத் தேடிக்கொண்டிருந்தாள். லெஃப்டு மோட்டாரைத் தரையில் இறக்கி மூடியை எடுத்தான். அவள் குனிந்து பார்த்தாள். சிவப்பு நூலை நகத்தால் கீறினாள்.

"எங்கே இருந்துச்சு?"

"பள்ளிவாசல்ல. என் மச்சான் குடுத்தது."

"நீ அவனுக்குத்தானே வேலை பாக்கறே?"

"இன்னைக்கு மத்தியானம் வரைக்கும்."

"அப்ப நீயும் கூட்டுக் களவாணி."

"ஆமாக்கா."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவதற்கு எடுத்த மூச்சை என்ன செய்வது என்று தெரியாமல் விட்டாள். அந்த இடைவெளியில்தான் பின்கட்டில் ஒரு மோட்டார் ஓடுகிற சத்தம் லெஃப்டுக்குக் கேட்டது. எட்டிப் பார்த்தான். பச்சை பெயின்ட்.

"இது எங்கே வாங்கினீங்க?"

"உன் மச்சான் கடையிலதான். மோட்டார் போனா நான் என்ன, வாயால ஊதித் துணி துவைக்கறதா? பாதி விலைக்குக் குடுத்தான்."

"யாருதுன்னு கேட்டீங்களா?"

"கடையில வச்சு வித்தான், வாங்கினேன். ஏன் கேக்கணும்?"

லெஃப்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

"திறக்காதே!" அக்கா குறுக்கே வந்து நின்றாள். "துணி ஊறிக்கிட்டு இருக்கு. என் மோட்டாரைக் கொண்டுவந்தே, வச்சிட்டுப் போ. ரெண்டும் இருக்கட்டும். மூணு மாசம் நான் பட்ட பாட்டுக்கு அது சரியாப் போச்சு."

"திறக்கவே வேண்டாம்க்கா. வாய்ப்பக்கம் மரை ஓரத்துல இன்னும் ரோஸ் ஒட்டியிருக்கு பாருங்க, அதைத் துடைச்சது நான்தான். போன மாசம் இதுல இருந்து ஒரு துண்டு கழட்டினேன். ரோஸ் கலர் சுண்ணாம்பு கையெல்லாம் ஒட்டிக்கிச்சு." சாக்கில் கையை விட்டுத் துழாவி எடுத்தான். சாய்வாக அறுபட்ட துண்டு, ஒரு பக்கம் முழுக்க ரோஸ் சுண்ணாம்பு. "இதுவும் அறுத்துக் கொண்டுவந்ததுதான்."

"அதை ஏன்டா என்கிட்டே சொல்றே?"

"எனக்குத் தெரிஞ்சிடுச்சு. இப்ப உங்களுக்கும்."

அக்கா அவனைப் பார்த்த பார்வையில் மூன்று மாதத்துக்கு முந்தைய சாபம் முழுக்க இருந்தது. பிறகு போய் ஸ்விட்சைத் தட்டினாள். பின்கட்டு அமைதியானது. குழாயில் கடைசித் தண்ணீர் சொட்டியது.

"கொண்டா." துண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். காலரில் குறி தேடுகிற அதே கண். "குறி அழிஞ்ச துணி வந்தா நான் எவன் தோளுக்குச் சேருதுன்னு வச்சுப் பாப்பேன். நீ எந்தச் சுவருக்குச் சேருதுன்னு வச்சுப் பாரு. மூணு தெரு தள்ளி ரோஸ் சுவரு நிறைய இருக்கு." துண்டை அவன் மார்பில் எறிந்தாள். "முதல் வீட்டுலயே உன்னைத்தான் திருடன்னு புடிப்பாங்க. சாட்சி சொல்ல நான் வரமாட்டேன். அதுக்கு முன்னாடி என்னுதை மாட்டிட்டுப் போ. கூலி கிடையாது."

புது பேரிங் போட்டு அவளுடைய மோட்டாரை மாட்டினான். பச்சை மோட்டாரை யூனியனில் கழற்றினான். முழு மரையோடு வந்தது.

வெயில் சாய்வதற்குள் மூன்றாவது தெருவில் அந்தச் சுவரைக் கண்டான். ஓரத்தில் ஒரு பைப் நின்றது, வாயில் கந்தல் துணி அடைத்திருந்தது. பக்கத்தில் வரிசையாகக் குடங்கள். இன்னும் வேறு மோட்டார் வாங்க முடியாத வீடு. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கந்தலை உருவி, துண்டை மேலே வைத்துத் திருப்பினான். அரைச் சுற்றில் வெட்டும் வெட்டும் ஒட்டிக்கொண்டன. இடையில் ஒரு மயிரிழை கூட இல்லை.

மாடியில் ஜன்னல் திறந்தது.

"ஏங்க, சீக்கிரம் வாங்க! மோட்டார் திருடன் மறுபடியும் வந்திருக்கான்!"

படிக்கட்டில் தடதடவென்று ஆட்கள் இறங்கும் சத்தம் கேட்டது. லெஃப்டு துண்டை இடக்கையால் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். கையை எடுத்தால் கீழே விழுந்துவிடும், அப்புறம் வெட்டும் வெட்டும் சேர்வதை அவர்களுக்குக் காட்ட முடியாது.